உன் படத்தில் இருந்த கண்கள்

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாசாரிலிருந்து திரும்பும்போது கால் தானாகப் பூக்காரி பக்கம் போய்விட்டது. ஒரு முழம் மல்லிகை வாங்கி, வாழையிலையில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலோடு வெயிலாக நடந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கூடத்துச் சுவருக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. உன் படம் இங்கே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையே நம் மகள் கமலாவோடு சிரம்பானுக்குப் போய்விட்டது. பதினைந்து வருஷப் பழக்கம் பார். புத்திக்குத் தெரிந்த சேதி காலுக்குத் தெரியவில்லை.

பூ இப்போது என் மடியில் கிடக்கிறது. வீடு முழுக்க அதன் மணம்தான். இதை யாருக்குச் சூட்டுவது? அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். நீ உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியவன் இல்லை நான். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து மடல் வேறு எழுதுகிறான் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வெள்ளிக்கிழமைதோறும் பூப் போட்டேனே, நம் பிள்ளை விழுந்து விழுந்து கும்பிட்டதே, அந்தப் படத்தில் முகம் உன்னுடையது. கண் உன்னுடையது இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நமக்குக் கல்யாணம் ஆனது ஜப்பான்காரன் காலத்தில். ஆள் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆனவனை விட்டுவிடுவான் என்று யாரோ கிளப்பிவிட, எங்கம்மா அலறிப் புடைத்துக்கொண்டு பெண் தேடினாள். தோட்டத்தில் அப்பனும் ஆத்தாளும் ஒரே காய்ச்சலில் போய், கூடப்பிறந்தவர் என்று ஒருத்தரும் இல்லாமல், அடுத்த வீட்டுக்காரர்கள் ஊற்றிய கஞ்சியில் இருந்தவள் நீ. ஒரே வாரத்தில் பேசி முடித்தார்கள். மேளம் இல்லை, பந்தல் இல்லை. தாலிக்குத் தங்கத்துக்கு எங்கே போவது? மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கை முடிந்து உன் கழுத்தில் கட்டினேன். "சண்டை முடியட்டும், தங்கத்துல செஞ்சு போடுறேன்" என்றேன். மரவள்ளிக்கிழங்குதான் விருந்து. கல்யாணப் படம் என்ற பேச்சே எழவில்லை. அரிசிக்கே வழியில்லாத நாளில் பிலிமுக்கு எங்கே போக?

காஜா பேராங்கில் இந்தப் பலகை வீட்டுக்கு வந்தாய். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி, நடுவில் எங்கம்மா. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேசுவது மானங்கெட்ட வேலை என்று வளர்ந்தவன் நான். சண்டை முடிந்து லோரி ஓட்டப் போனேன். ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்க் கித்தா ஷீட் ஏற்றி இறக்குகிற வேலை. விடியுமுன்னே புறப்பட்டால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. நீ பக்கவாட்டில் நின்று சோறு போடுவாய். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். உன் கை எனக்கு நன்றாகத் தெரியும். இடது மணிக்கட்டில் சட்டி சுட்ட தழும்பு, கண்ணாடி வளையல் எத்தனை, எந்த விரலில் நகம் உடைந்திருக்கிறது, எல்லாம் தெரியும். உன் நடைச் சத்தம் தெரியும். இருமினால் அது உன் இருமல் என்று தெரியும். முகத்தை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது, அது எங்கே ஓடிப் போகிறது என்று நினைத்திருந்தேன் போல.

ஒரு நாள் ஞாபகம் இருக்கிறதா? கமலாவுக்கு ஒரு வயது. ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிள்ளை உன் இடுப்பில் சந்தன மொட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தது. வழியில் சீனன் ஒருவன் வைத்திருந்த படக்கடை. வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய பெரிய படங்கள் தொங்கின. நீ நின்றுவிட்டாய். நடுவில் ஒரு கல்யாணப் பெண்ணின் படம், நம் பக்கத்துச் செட்டிக் கம்பத்துப் பெண், சாமி நம் சாமி, பேச்சு மலாய் என்று இருக்கிற சனம். கபாயாச் சட்டை, கொண்டையில் ஊசிகள், நேராகப் பார்க்கிற கண்.

"அந்தப் பொண்ணு கண்ணப் பாருங்களேன். எவ்வளவு அழகா இருக்கு" என்றாய்.

"வா, வெயில் ஏறுது" என்றேன்.

"ஏங்க, நாமளும் ஒரு படம் புடிச்சுக்கலாமா? மூணு பேரா நின்னு?"

"எதுக்கு? தினம் பாக்கிற மூஞ்சிதானே."

நீ சிரித்தாய். "நீங்க எங்க பாக்குறீங்க" என்றாய். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று எங்கம்மா தடுப்பாள் என்றும் சொன்னேன். எங்கம்மா மேல் பழி போடுவது எனக்குக் கைவந்த கலை. அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. ஒருமுறை கேட்டு இல்லை என்றால் மறுமுறை கேட்கிற வழக்கம் உனக்குக் கிடையாது. அதையும் நான் உன் நல்ல குணம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

அடுத்த வருஷமே இருமல் வந்தது. பிறகு இரத்தம். சயரோகம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் தனி வார்டில் போட்டார்கள். பிள்ளையை உன்னிடம் விடக்கூடாது என்றார்கள். நாலு மாதம் அங்கேயே கிடந்தாய். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. பிறகு வந்தால் எழுதுகிறேன்.

நீ போனபோது கமலாவுக்கு இரண்டரை வயது. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். நோய்க்குப் பயந்து சனங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று அழுதார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் படக்கடைக்கு ஓடினேன். கடை முதலாளியான அந்தச் சீனத் தவுக்கே பெட்டிக் கேமராவோடு வந்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று உன் முகத்தை எடுத்தான். "இப்பவா படம் புடிக்கிற?" என்று எங்கம்மா அழுதுகொண்டே கேட்டாள். நியாயமான கேள்விதான்.

மறுநாள் சுகாதாரப் பகுதி ஆள் வந்தான். நோயாளி தொட்டதையெல்லாம் கொளுத்திவிட வேண்டும் என்றான். உன் பாய், தலையணை, இரண்டு சேலை, ரவிக்கைகள், சீப்பு, நீ பிள்ளைக்குப் பழைய சேலையில் தைத்த சட்டை, எல்லாவற்றையும் பின்னால் அல்லூர்ச் சாக்கடை ஓரத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினேன். நான்தான் ஊற்றினேன், வேறு யாரும் இல்லை. சீப்பில் உன் முடி நாலைந்து சிக்கியிருந்தது. அதையாவது எடுத்து ஒளித்து வைக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து அதையும் போட்டேன். தங்கத் தாலி செய்து போட்டிருந்தால் உருக்கிப் பிள்ளைக்கு ஒரு தோடாவது செய்திருக்கலாம். மஞ்சள் கிழங்கு உன்னோடு எரிந்துபோயிற்று.

இன்னொன்றையும் கேள். நீ போய்ச் சில மாதத்தில், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று அவசரகாலம் வந்தது. ஊரில் ஒருத்தர் விடாமல் வரிசையில் நிறுத்திப் படம் பிடித்து ஐசி என்று அடையாள அட்டை கொடுத்தார்கள். ஆயுசு குறையும் என்று நான் சாக்குச் சொன்ன எங்கம்மாவுக்கும் படம், எனக்கும் படம், சாராயக் கடையில் விழுந்து கிடக்கிறவனுக்கும் படம். சர்க்கார் சும்மாவே எடுத்துக் கொடுத்தது. ஆறு மாதம், ஆறே ஆறு மாதம் நீ இழுத்துப் பிடித்திருந்தால் கட்டைவிரல் அளவு முகமாவது மிஞ்சியிருக்கும். அந்த வரிசையில் நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யார் மேலே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து படக்கடைக்குப் போனேன். தவுக்கே கழுவிய படத்தைக் காட்டினான். கண் மூடியிருந்தது. இப்படியே மாட்டினால் பிணத்தை மாட்டின மாதிரி இருக்கும், நான் கண் திறந்து வரைந்து தருகிறேன், எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன் என்றான். மெல்லிய தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாத்தா டியா மாச்சாம் மானா?" என்று கேட்டான். அவள் கண் எப்படி இருக்கும் என்கிறான்.



பெரிசா, சின்னதா? வட்டமா, நீளமா? கறுப்பா, பழுப்பா? ஓரம் மேலே ஏறுமா, கீழே இறங்குமா? இமை தடிப்பா? ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஐந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்திருக்கிறேன். ஒரு பிள்ளை பெற்றிருக்கிறோம். கறுப்பு என்றேன். அதுகூடத் தெரிந்து சொல்லவில்லை, தமிழச்சிக்குக் கறுப்புத்தானே இருக்கும் என்று சொன்னேன். தவுக்கே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "பினி செண்டிரி புன் தா தாவு கா?" என்றான். சொந்தப் பெண்டாட்டிக்குக் கூடவா தெரியாது என்று. அவன் திட்டவில்லை. ஆச்சரியமாகக் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து எங்கம்மாவைக் கேட்டேன். "எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான்டா இருக்கும், போடா" என்று அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கேட்டேன். ஒருத்தி மான் கண் என்றாள். இன்னொருத்தி, "மானாவது ஆடாவது, இடுங்கின கண்ணு அவளுக்கு" என்றாள். இரண்டு பேருக்கும் அதிலேயே வாய்ச்சண்டை. உனக்கு அம்மா இல்லை, அக்கா தங்கை இல்லை, இவளைப் பார்த்து வரை என்று கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் இல்லை. அப்போது கமலா கூடத்தில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் மண் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கும்போதெல்லாம் அண்ணாந்து உன் கண்ணையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் அவள் ஒருத்திதான். உலகத்திலேயே அதைப் பார்த்து வைத்திருந்த ஒரே ஆள். கேட்டால் சொல்லத் தெரியாத வயசு.

மறுபடி கடைக்குப் போனேன். வாசலில் அந்தச் செட்டிப் பெண்ணின் கல்யாணப் படம் அப்படியே தொங்கியது. உன் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் உன் கண் எதைப் பார்த்து நின்றது என்று தெரியும். கையை நீட்டி, "இந்த மாதிரி" என்றேன். தவுக்கே என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

படம் வந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். எங்கம்மா தள்ளி நின்று பார்த்து, "என்னமோ மாதிரி இருக்கே" என்றாள். மூன்று மாதத்தில் அவளே வருகிறவர்களிடம், "அச்சு அசல் எம் மருமவ" என்று சொல்ல ஆரம்பித்தாள். மான் கண் என்றவளும் இடுங்கின கண் என்றவளும் சேர்ந்து வந்து, அப்படியே அவதான் என்று மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு எனக்கும் பழகிவிட்டது. அதுதான் கொடுமை. கனவில் நீ வந்தால் அந்தக் கண்ணோடுதான் வருகிறாய். அடுப்படியில் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தால், திரும்பி அந்தக் கண்ணால் பார்க்கிறாய். கொஞ்சநஞ்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்த உன் பார்வையையும் நானே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் பூப் போட்டு அழித்துவிட்டேன்.

பிள்ளைக்கு அந்தப் படம்தான் எல்லாம். பள்ளிக்கூடம் போகும்போது, "அம்மா போய்ட்டு வர்றேன்". வந்ததும் பையைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்று யார் அடித்தார்கள், யார் கிள்ளினார்கள் என்று ஒப்பிப்பாள். "எங்க நின்னாலும் அம்மா என்னையே பாக்குறாங்கப்பா" என்பாள். நான் தட்டில் இருக்கிற சோற்றைப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

சுதந்திரம் வந்த வருஷம் அவளுக்குப் பதினொன்று முடிந்திருந்தது. எங்கம்மா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். இங்கே மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் நெரிகிறது. கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் சடக்கென்று நின்றாள். "அப்பா" என்றாள். "அப்பா, அம்மா கண்ணு."

பார்த்தேன். கபாயாச் சட்டை போட்ட நடுத்தர வயசுக்காரி ஒருத்தி பால்குடம் எடுத்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செட்டிக் கம்பத்து அம்மா. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, காதோரம் முடி நரைத்திருந்தது. கண் அதே கண். இத்தனை வருஷமாகக் கால் மைலுக்குள் இருந்திருக்கிறாள். உயிரோடு இருக்கிற ஒருத்தியின் கண்ணுக்கு நான் மாலை போட்டுச் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவள் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தது. அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மலாயில் ஏதோ கேட்டுத் தலையைத் தடவினாள். கமலா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். மாச்சிக், மாச்சிக் என்று மலாயில் அத்தை முறை சொல்லி ஒரே ஒட்டுதல். தமிழ் அந்தம்மாவுக்கு நாலு வார்த்தைதான் வரும். கமலாவின் மலாய் அங்கேதான் தேறியது. தடுக்க என்ன காரணம் சொல்வேன்? ஒரு நாள் அவளே இந்த வீட்டுக்கு வந்தாள். பிள்ளை இழுத்துக்கொண்டு வந்திருந்தது, "எங்கம்மாவைப் பாருங்க, உங்க கண்ணு மாதிரியே இருக்கும்" என்று. நான் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தவன் ஈரக் கையோடு உள்ளே ஓடினேன். அந்தம்மா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னோட கல்யாணப் படம் அந்தச் சீனன் கடையில ரொம்ப வருஷம் தொங்கிச்சு" என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். பிள்ளையிடம் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். நான் வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி லோரிக்கே போனேன்.

இந்த வருஷம் கமலாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. சிரம்பானில் ரயில்வேயில் வேலை. நல்ல பையன். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை உனக்குப் பூவாடைக்காரி படையல். சுமங்கலியாகப் போனவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் சேலை வைத்துப் படைக்காமல் இருக்கலாமா? மாம்பழ மஞ்சளில் புதுச் சேலை, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், ஏழு காய், பாயசம் எல்லாம் வைத்தோம். அந்தச் சேலையைத்தான் பிள்ளை கட்டிக்கொள்ளும். கூட்டம் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் இலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, படத்துல இருக்கிறது அம்மா கண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

மடித்த இலையை மறுபடி பிரித்தேன். எதற்குப் பிரித்தேன் என்று தெரியவில்லை.

"யாரு சொன்னா?"

"மாச்சிக்தான். நானாத்தான் கேட்டேன், அவங்களுக்குப் பொய் சொல்ல வரல. மூணு வருஷமாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"கேட்டா ஒடஞ்சு போயிடுவீங்கன்னுதான்." விளக்குத் திரியைத் தணித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு தெரியுமாப்பா? அவங்க வீட்டுல போகிக்கு முன்னோருக்குப் படைப்பாங்கள்ல. அந்த வரிசையில அம்மாவுக்கும் ஓர் இலை போடுறாங்க. எங் கண்ண வச்சிருக்கா, அப்ப எனக்கு உறவுதானேன்னு சொல்றாங்க."

எவளோ ஒருத்தி உனக்கு இலை போட்டிருக்கிறாள். நான் திருடினவன், அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை எனக்கு.

"அந்தப் படத்த நான் கொண்டு போறேம்பா. அத விட்டுட்டு என்னால இருக்க முடியாது. ஆனா நெசமான கண்ணு எப்படி இருக்கும்னு நீங்க சொல்லணும். வாயால சொன்னாப் போதும். மனசுல வச்சுக்குவேன். உங்களவிட்டா யாருப்பா இருக்கா சொல்ல?"

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சீனன் கேட்ட அதே கேள்வி. அவனுக்குப் பதில் இல்லாமல் நின்றவன் இவளுக்கு மட்டும் எங்கிருந்து கொண்டு வருவேன்? இந்த ஒன்றைத்தான் அவள் கேட்டாள். நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. உன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஒங் கண்ணுதாம்மா" என்றேன். "அப்படியே ஒங் கண்ணு."

சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. கமலாவின் கண் எங்கம்மா கண். பிறந்த நாளிலிருந்து ஊரே, பாட்டி கண்ணைப் பிடுங்கி வைத்த மாதிரி என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அது. ஐசியில் எங்கம்மாவின் படமும் இருக்கிறது, கண்ணாடி முன்னால் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாதா? என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிப்பா" என்றாள். நான் பிரித்து வைத்த இலையை வாங்கி மடித்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவ்வளவுதான். கல்யாணம் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டாள், படத்தைப் புதுச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுமுறை கேட்காத குணம் அவளுக்கும் இருக்கிறது.

இனி எழுத வேண்டியதைத் தள்ளிப் போட முடியாது. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தூக்குச் சட்டியில் ரசஞ்சோறு கொண்டு வந்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டேன். நீ எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்று கண்ணோரத்தில் தெரிந்தது. நேராகப் பார்த்தால் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். நோய் மூச்சில் தொற்றும் என்று யாரோ சொன்னதும் மனசில் இருந்தது. இரண்டில் எது பெரிசாக இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. எங்கம்மா சுகம், பிள்ளை சுகம், மழை ஜாஸ்தி என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, ஒரு தடவ என்னப் பாருங்க" என்றாய்.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

தூக்கைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், அது என் கன்னத்தில் தெரிந்தது. மணி அடித்தார்கள், எழுந்து வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சேதி வந்தது.

வெள்ளை எனாமல் தூக்கு அது. மூடியில் மூன்று நீலப் பூ. நடுப் பூவில் இரண்டு இதழ் உதிர்ந்து உள்ளே கறுப்புத் தகரம் தெரியும். விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு நெளிவு. இடது பக்கத்துப் பூவுக்குக் கீழே ஒரு சொட்டு ரசம் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. இன்றைக்கும் யாராவது தூரிகையை எடுத்துக்கொண்டு கேட்டால், ஒன்று விடாமல் சொல்லுவேன்.